பூசாத பானை

(திருத்தணியில் ஒரு கோடை மாலையில் வாசகர் வட்டத்தினர் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'மண்பாண்டக் கலை' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு மாலையில் அவ்வளவையும் பேசி முடிக்க முடியாது. அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக நாம் மண்ணை வனைந்து சுடுகிறோம். சீனப் பாத்திரத்தில் இருப்பது போன்ற கண்ணாடிப் பூச்சை ஏன் நம் பானைக்குப் பூசவில்லை? தொழிற்கூடத்தில் அதற்கு கிளேஸ் என்று பெயர். இன்று கண்ணாடிப் பூச்சு என்றே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேள்விக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ஒரு சுலபமான பதில் உண்டு. நமக்குத் தெரியாது, அதனால் பூசவில்லை என்பதே அது. படித்த நம்மவர்களே அதைத் திருப்பிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு என்பதற்கு அரிக்கமேடு ஒன்றே போதும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த இடம். ரோமாபுரியிலிருந்து வந்த மதுச்சாடிகள் கிடைத்ததால் அந்த இடம் உலகப் புகழ் பெற்றது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அங்கே கிடைத்த கண்ணாடி மணிகள். அரிக்கமேட்டில் கண்ணாடியை உருக்கி, குழலாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி மணி செய்தார்கள். அந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரைக்கும் போயின. கண்ணாடிப் பூச்சு என்பதும் கண்ணாடிதான். மணலை உருகவைக்கும் வழி தெரிந்தவன் பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்கிறான். பானை செய்தவன் அவனிடம் போய்க் கேட்கவில்லை. தெரியாமல் விட்டதென்று இதைச் சொல்ல முடியாது. வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள். ஏன் வேண்டாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் மண். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மலையும் சுற்றியுள்ள குன்றுகளும் கருங்கல் இனப் பாறைகள். அந்தப் பாறையில் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் நிறைய உண்டு. மழை நீரும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் லட்சக்கணக்கான ஆண்டுகள் அதை அரித்து அரித்துக் களிமண்ணாக்குகின்றன. பிறந்த இடத்திலேயே தங்கிவிட்ட களிமண் வெள்ளையாக, சுத்தமாக இருக்கும். அதைத்தான் சீனக்களி என்கிறோம். ஓடையில் இறங்கி வழியில் இரும்பையும் சுண்ணாம்பையும் இலைமக்கையும் சேர்த்துக்கொண்டு ஏரியில் போய்ப் படிவது நம் வண்டல் களிமண். கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலும் சுற்றுவட்டார ஏரிகளிலும் இருப்பது இந்த ரகம். மிக நுண்ணிய துகள். அதனால் நன்றாக வளையும். ஆனால் இரும்பும் சுண்ணாம்பும் இருப்பதால் சூடு தாங்காது. 1,100 டிகிரியை நெருங்கும்போதே குழைந்து உட்கார்ந்துவிடும். சீனப் பீங்கானுக்கு 1,300 டிகிரி வேண்டும். நம் ஏரி மண்ணை அந்தச் சூளையில் வைத்தால் பானை உள்ளே போகும், பச்சையும் பழுப்புமாக ஒரு கட்டி வெளியே வரும்.

விறகும் ஒரு காரணம். 1,300 டிகிரி வேண்டுமானால் புகைபோக்கி வைத்த சூளையும் காடு காடாக விறகும் வேண்டும். சீனர்கள் மலைச்சரிவில் பாம்பு போல நீளமாகச் சூளை கட்டினார்கள். சரிவே புகைபோக்கியாகிவிடும். நமக்கும் மலை இருக்கிறது. அதில் நாம் கோயிலுக்கு 365 படி கட்டினோம். அவரவர்க்கு அவரவர் தேவை.

ஆனால் மண்ணையும் விறகையும் மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பூச்சு குறைந்த சூட்டிலும் உருகும். ஈயம் சேர்த்தால் 800 டிகிரியிலேயே உருகும். மேற்காசியாவில் அப்படித்தான் செய்தார்கள். எனவே விடை பானைக்குள்ளேயே இருக்க வேண்டும். பானை எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

குயவர் என்றதும் நம் கண்முன் வருவது சுழலும் சக்கரம். சினிமாவிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். உண்மையில் பானையின் பாதி வேலைகூடச் சக்கரத்தில் நடப்பதில்லை. ஏரியிலிருந்து வந்த மண்ணைக் காயவைத்து, உடைத்து, ஊறவைத்து, கல் பொறுக்கி, மணலோ உமியோ சேர்த்து, காலால் மிதித்து, கையால் பிசைவதற்கே நாள்கணக்கில் ஆகும். பிறகுதான் சக்கரம். அதில் பானையின் வாயும் கழுத்தும் தோளும் மட்டும்தான் முடிவான வடிவத்தில் வரும். வயிறு தடியாக, அடிப்பகுதி ஒழுங்கில்லாமல், ஒரு பெரிய குவளை மாதிரி நூலால் அறுத்து எடுக்கப்படும். நிழலில் பாதி காய்ந்த பிறகு மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே உருண்டையான கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டுவார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலியும், வயிறு உருளும், அடி மூடிக்கொள்ளும். இந்தத் தட்டலில் மண் துகள்கள் ஒன்றோடொன்று இறுகிப் படிகின்றன. கையால் அழுத்திச் செய்த சுவருக்கு அந்தப் பலம் வராது.

பல ஊர்களில் சக்கரத்தில் பெண்கள் உட்காருவதில்லை என்று ஒரு வழக்கம் உண்டு. ஆனால் மண் பிசைவதும் தட்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். பானையின் பலம் யார் கையிலிருந்து வருகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி கேசவன் அவர்களுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தபோது, இந்தத் தட்டலுக்கு முதல் தடவையாக ஒரு சபை மரியாதை கிடைத்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். கடத்தில் சுவரின் கனம் எங்கும் ஒரே சீராக வராவிட்டால் சுருதி நிற்காது. அந்தச் சீர் ஆயிரக்கணக்கான தட்டுகளில் வருவது. சங்க காலத்திலேயே வெண்ணிக் குயத்தியார் என்று ஒரு பெண் புலவர் இருந்தார். புறநானூற்றின் 66ஆம் பாட்டு அவருடையது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பார்த்தே, உன்னிடம் தோற்று வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்ற பொருளில் கேட்டுவிட்டார். பலகையைப் பிடித்துப் பழகிய கை போலிருக்கிறது. தட்ட வேண்டிய இடம் அதற்குத் தெரியும்.

அடுத்து நெருப்பு. சூளையைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். பானைகளை அடுக்கி, நடுநடுவே வறட்டியும் தென்னை மட்டையும் பனையோலையும் வைத்து, மேலே வைக்கோல் போர்த்தி, அதன்மேல் சேற்றைப் பூசி, அங்கங்கே ஓட்டை விட்டுத் தீ வைப்பார்கள். முதலில் வருவது வெள்ளைப் புகை. அது புகையே அல்ல, நீராவி. அந்த நேரத்தில் அவசரப்பட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட ஆவி பானையைப் பட்டென்று பிளந்துவிடும். 450 டிகிரிக்கு மேல் போனால் இன்னொரு நீர் வெளியேறும். அது ஈர நீர் இல்லை, களிமண்ணின் மூலக்கூறுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் நீர். அது போனபின் மண் மண்ணாக இருக்காது. எவ்வளவு ஊறவைத்தாலும் திரும்பக் குழையாது. 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று உப்பும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். சூளையைச் சீக்கிரம் பிரித்தால் கீறல் விடுவது இதனால்தான். நெருப்பின் நிறத்தை ஓட்டை வழியே பார்த்தே எப்போது நிறுத்தலாம் என்று சொல்லிவிடுவார்கள். மங்கிய சிவப்பு, பிறகு நல்ல சிவப்பு, அதன் பிறகு ஆரஞ்சு. நல்ல சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் 700 முதல் 850 டிகிரி இருக்கும். அவ்வளவுதான் வைக்கோல் சூளையின் எல்லை.

காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பாகும். காற்றை அடைத்துப் புகையில் மூச்சுமுட்ட வைத்தால் கருப்பாகும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கருப்பு சிவப்புப் பானைகளின் இரகசியம் அதுதான். உமியிலோ இலைச் சருகிலோ வாயைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்பக்கமும் விளிம்பும் கருக்கும், வெளிப்பக்கம் சிவக்கும். சுடுவதற்கு முன் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து அவற்றுக்கு ஒரு மினுக்கும் கொடுத்திருக்கிறார்கள். பளபளப்பின் மேல் ஆசை நமக்கும் இருந்தது. ஆனால் அது தேய்த்து வந்த பளபளப்பு. துளையை முழுக்க அடைப்பதில்லை.

இந்தத் துளைதான் விஷயமே. 800 டிகிரியில் களிமண் கெட்டிப்படும், ஆனால் உருகி ஒட்டாது. துகளுக்கும் துகளுக்கும் நடுவே இடைவெளி அப்படியே இருக்கும். பீங்கானில் அந்த இடைவெளியைக் கண்ணாடி நிரப்பிவிடும். சீனக் குயவனுக்கு அது குற்றம், அதனால் நிரப்பினான். நம் குயவருக்கு அதுவே சரக்கு. வெயில் காலத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தத் துளைகளைத்தான்.

வானிலை அறிக்கை கேட்பவர்களுக்குத் தெரியும். கத்திரி வந்துவிட்டால் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று வாசிக்கும்போது வேலூரோடு சேர்ந்து திருத்தணியின் பெயரும் வரும். அந்தச் சமயத்தில் பானைத் தண்ணீர் என்ன செய்கிறது? சுவரில் ஊறி வெளியே வந்து ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதை மீதித் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டரில் 10 கிராம் ஆவியானால் போதும், வெளிச்சூடு உள்ளே வராமலிருந்தால் மீதி நீர் கிட்டத்தட்ட 6 டிகிரி குளிர்ந்துவிடும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை.

இதில் நம் ஊருக்கு ஒரு சலுகை உண்டு. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. 40 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவதால் மட்டுமே நீர் எட்டக்கூடிய அடிமட்டம் சுமார் 26 டிகிரி. சென்னைக் கடற்கரையில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அந்த அடிமட்டம் 30. வெயில் குறைந்த ஊரில் பானைத் தண்ணீர் நம்முடையதைவிடச் சூடாக இருக்கும்! சென்னைக்காரர்கள் பானை வாங்கிவிட்டு, பழைய மாதிரி குளிரவில்லையே என்று குயவரைக் குறை சொல்வார்கள். குறை சொல்ல வேண்டியது வங்காள விரிகுடாவை.

இப்போது அந்தப் பானைக்குக் கண்ணாடிப் பூச்சு பூசுங்கள். துளை அடைபட்டது, குளிர்ச்சி போயிற்று. நெடுஞ்சாலை ஓரத்தில் இன்று விற்கும் பானைகளைப் பாருங்கள். பச்சை, நீலம், தங்க நிறம் என்று எனாமல் பெயின்ட் அடித்து, பூ வரைந்து, பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பெயின்ட் அடித்த இடத்தில் பானை வேலை செய்யாது. வாங்குபவர் நிறம் கேட்கிறார், விற்பவர் பூசிக் கொடுக்கிறார். மூவாயிரம் ஆண்டாகப் பூசாமல் விட்டதை நாம் பத்து ரூபாய் பெயின்ட்டில் பூசிவிட்டோம்.

சமையல் சட்டிக்கும் இதே நியாயம்தான். நல்ல பீங்கான் கோப்பையை அடுப்பில் வைத்துப் பாருங்கள், விரிசல் விடும். மண்சட்டி விடாது. மணலும் துளையும் இருப்பதால், ஒரு மயிரிழை விரிசல் கிளம்பினாலும் அடுத்த துளையில் போய் நின்றுவிடும். அடி உருண்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மூலை இருந்தால் அங்கேதான் சூடும் இழுவையும் கூடும். மூலையே இல்லை. புதுச் சட்டி வாங்கினால் நம் வீட்டுப் பெண்கள் அரிசி கழுவிய தண்ணீரையோ கஞ்சியையோ ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்குவார்களே, அது மாவுச்சத்தால் துளையை வேண்டிய அளவுக்கு மட்டும் அடைக்கும் வேலை. கார்த்திகைக்கு வாங்கிய அகலை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போடுவதும் இதே கணக்குதான். துளையில் தண்ணீர் ஏறிக்கொண்டால் எண்ணெய் ஏறாது. துளையை எங்கே திறந்து விடுவது, எங்கே அடைப்பது என்பதைக் குயவர் நம் வீட்டுப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டார். பூச்சு என்றால் அந்த முடிவு சூளையிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது காரணத்துக்கு நாம் இங்கிருந்து ரேணிகுண்டா ரயிலில் ஏறித் திருமலைக்குப் போக வேண்டும். இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திரத்தில் இருந்தது. தமிழ்க் குயவரும் தெலுங்குக் கும்மரியும் ஒரே சந்தையில் கடை விரித்த வட்டாரம் இது. திருமலைக் கதை இங்கே யாருக்கும் புதிதல்ல. தொண்டைமான் சக்கரவர்த்தி பொன் மலரால் பெருமாளை அருச்சிக்கிறான். மறுநாள் பார்த்தால் பொன் மலருக்கு மேலே மண் மலர் கிடக்கிறது. தேடிப் போனால் ஒரு குயவர், குருவை நம்பி. கோயிலுக்குப் போக நேரமில்லாதவர். வேலை செய்யும் இடத்திலேயே, கையில் இருக்கும் மண்ணையே பூவாக்கிப் போட்டிருக்கிறார். இது தலபுராணம். அந்தக் குயவருக்காகத்தான் இன்றும் புதிய மண் ஓட்டில் வைத்த தயிர்சாதம் மட்டும் கருவறை வாசலின் குலசேகரப் படியைத் தாண்டிப் போகிறது என்பது மரபு.

பக்தர்கள் அந்தக் கதையில் பக்தியைப் பார்ப்பார்கள். நான் தொழில் பார்க்கிறவன், 'புதிய' என்ற நிபந்தனையைப் பார்க்கிறேன். நேற்று பயன்பட்ட ஓடு இன்று ஆகாது. உலகத்திலேயே பெரும் பணக்காரக் கோயில்களில் ஒன்றில், பொன் பாத்திரத்துக்குக் கிடைக்காத இடம் ஒரு நாள் ஆயுள் கொண்ட மண் ஓட்டுக்குக் கிடைக்கிறது. நம் சமூகம் முழுவதும் இந்த நிபந்தனை பரவிக் கிடந்தது. பொங்கலுக்குப் புதுப்பானை. கல்யாணத்துக்குப் புதுப்பானை. சாவுக்கும் புதுப்பானை, அதையும் தோளில் வைத்து உடைக்க வேண்டும். தீட்டு என்றால் வெண்கலத்தைப் புளி போட்டுத் துலக்கலாம். மண்பானையைத் தூக்கி எறிய வேண்டியதுதான். துளைக்குள் போன எச்சில் வெளியே வராது என்பது நம்பிக்கை, அதில் பாதி அறிவியலும் உண்டு. தண்ணீர்ப் பானையும் அப்படியே. ஓரிரு கோடை போனால் தண்ணீரிலுள்ள உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் துளைகளை அடைத்துவிடும், குளிர்ச்சி குறையும், அடுத்த சித்திரைக்குப் புதுப்பானை.

எறியப் போகிற பொருளுக்கு யாராவது கண்ணாடி பூசுவார்களா? ஆயுள் குறைவாக இருந்ததால் விலையும் குறைவாக இருந்தது. விலை குறைவு, ஆனால் தேவை ஓயவே இல்லை. குயவர் வீட்டுக் கஞ்சி அந்த ஓயாத தேவையிலிருந்துதான் வந்தது. இதில் சாதி என்ற முள்ளும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை பேச நான் வரவில்லை. தீட்டு என்ற கருத்து பலரை வதைத்தது. அதே கருத்துதான் சக்கரத்தைச் சுழல வைத்தது. இரண்டும் உண்மை.

எறிந்ததால் ஒரு நன்மை, தொல்லியல்காரர்களுக்கு. கீழடியில் ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்தன. தன் பெயரைச் சாதாரணப் பானையில் கீற ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, உடைந்ததும் எறிந்திருக்கிறார். வெண்கலமாக இருந்தால் உருக்கியிருப்பார்கள்.

எறியாத மண்பாண்டமும் நம்மிடம் இருந்தது. நம் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டிப் பக்கம் அமிர்தமங்கலத்தில் 1955இல் நடந்த அகழாய்வில் சுடுமண் ஈமக்கலங்கள் வெளிப்பட்டன. பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே சுடுமண் ஈமப்பேழைகளைக் கண்டிருந்தார். தொட்டி மாதிரி நீளமான பெட்டி, அடியில் வரிசையாகக் கால்கள். இறந்தவர் எலும்பை அதில் வைத்துப் புதைத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனால் கடப்பைப் பக்கத்துச் சங்கவரத்தில் கிடைத்த ஆட்டுக்கடா வடிவப் பேழையைப் பாருங்கள். அதைப் பார்த்தால் எனக்குத் தொழில்ரீதியாக வியர்க்கும். மண் காயும்போதும் சுடும்போதும் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். ஆள் படுக்கும் நீளமுள்ள பேழையில் அது சாண் கணக்கில் வரும். ஓரம் முதலில் காய்ந்து நடு பிறகு காய்ந்தால் கிழிந்துவிடும். கால் ஒரு கனம், சுவர் ஒரு கனம் என்றால் ஒட்டிய இடத்தில் விட்டுப்போகும். இதையெல்லாம் வெப்பமானி இல்லாமல், வைக்கோல் நெருப்பில் சாதித்திருக்கிறார்கள். புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார் கிள்ளிவளவனுக்குத் தாழி செய்யப் போகும் குயவரைப் பார்த்து, இவ்வளவு பெரிய புகழுக்கு எவ்வளவு பெரிய தாழி செய்வாய் என்று இரங்குகிறார். புலவர் கேட்டது உருவகம். பெரிய தாழி செய்பவரின் உண்மையான கவலையும் அதுவேதான்.

சரி, கண்ணாடிப் பூச்சு நமக்கு வரவே இல்லையா? வந்தது, கப்பலில் வந்தது. இராமநாதபுரம் பெரியபட்டினத்தில் நொபொரு கராஷிமா போன்ற அறிஞர்கள் ஆராய்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளம். சோழ, பாண்டியர் காலத்திலேயே பச்சைப் பூச்சுச் சீனத்தட்டில் நம் வணிகர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். ஐரோப்பியர்கள் அதைக் கண்டு மயங்கி, இரகசியம் தேடி அலைந்து, ஜெர்மனியின் மைசெனில் 1710இல்தான் சொந்தமாக ஆலை தொடங்கினார்கள். நாம் அப்படி அலையவில்லை. வாங்கினோம், பயன்படுத்தினோம், தண்ணீர்ப் பானையை மட்டும் நம் குயவரிடமே வாங்கிக்கொண்டோம்.

சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் கலைப்பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் வழிவந்தது. அங்கே மண்பாண்டமும் ஓடும் செங்கல்லும் பாடமாக இருந்தன. நம் பக்கத்தில் காட்பாடியை ஒட்டிய கரிகிரியில் பச்சை, நீலம், பழுப்பு என்று பூச்சுப் பாத்திரங்கள் செய்கிறார்கள். இங்கிருந்து சோளிங்கர் தாண்டினால் எட்டிவிடும் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் பீங்கான் ஆலை நடத்தியது. நம் வீட்டுக் குளியலறையில் பாரிவேர் என்று பெயர் பொறித்துக் கிடப்பது அந்த வழி. பிறகு அது ஸ்பெயின் நாட்டு ரோக்கா நிறுவனத்தின் கைக்குப் போனது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அந்தத் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் உள்ளன. பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களி கிடைத்ததுதான் காரணம். புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, இந்தியாவின் ஸ்டூடியோ பீங்கான் கலைஞர்களில் ஒரு தலைமுறையையே உருவாக்கியது. மீக்கர் ஒரு படி மேலே போய், பச்சைச் செங்கல்லில் வீட்டையே கட்டி, அதற்குள் சரக்கை அடுக்கி, வீட்டைச் சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார். அப்படிப்பட்ட மனிதர்கள் எனக்குப் பிடிக்கும்.

இவற்றை நான் மதிக்கிறேன், என் சோறும் பாதி அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஆனால் இது வேறு தொழில். மண் வேறு, சூடு வேறு, வாங்குபவர் வேறு. நம் ஊர்க் குயவருக்கு உதவ வரும் நல்லெண்ணக்காரர்கள் பலர் முதலில் சொல்வது, "கிளேஸ் போடக் கற்றுக்கொள்ளுங்கள், பூஜாடி செய்யுங்கள், ஏற்றுமதி செய்யலாம்" என்று. பூஜாடி உடைகிற வரைக்கும் யாரும் இன்னொன்று வாங்கமாட்டார்கள். எறியும் பொருளைச் செய்து பிழைத்தவரை வைத்துக்கொள்ளும் பொருள் செய்யச் சொன்னால், அவர் ஒரு வருடத்தில் ஊரையெல்லாம் நிரப்பிவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். 2004இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது ரயிலில் மண்குவளையில் தேநீர் என்று அறிவித்தார். சிரித்தார்கள். நடைமுறையில் அது நிலைக்கவில்லை. ஆனால் அவர் கை வைத்த இடம் சரியான இடம். குடித்துவிட்டு எறிவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லது. ஏரி மண் எடுக்கும் அனுமதிக்காக மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியிருந்த நிலையும் 2024இல் மாறியது. தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம், பானைத் தொழிலுக்கு 60 கன மீட்டர் வரை கட்டணமில்லை. அறுபது கன மீட்டர் என்றால் இருபது டிராக்டர் லோடு. ஒரு குடும்பத்துக்கு அது பெரிய உதவி. இங்கே மண்வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால், ஏரியில் தண்ணீர் இல்லாத இந்த மாதங்களிலேயே மனு கொடுத்துவிடுங்கள். மழை விழுந்துவிட்டால் காகிதம் கையில் இருக்கும், மண் தண்ணீருக்கடியில் இருக்கும்.

மழை என்றதும் கடைசியாக ஒரு விஷயம். பொங்கல் பரிசுத் தொகுப்பில் அரிசி, சர்க்கரை, கரும்போடு ஒரு மண்பானையும் அடுப்பும் சேர்த்துக் கொடுங்கள் என்று மண்பாண்டத் தொழிலாளர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்கின்றன. நான் அந்தக் கோரிக்கையின் பக்கம். ஆனால் மேடையில் கைதட்டு வாங்குவதோடு நிற்காமல் கணக்கையும் பார்க்க வேண்டும். பரிசு வாங்கும் குடும்ப அட்டைகள் இரண்டு கோடிக்கு மேல். தொகுப்பில் என்ன என்ன என்ற அறிவிப்பு வருவது பொங்கலை ஒட்டித்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் பச்சைப் பானை காயாது, வறட்டி நனைந்துகிடக்கும், சூளை எரியாது. அதனால்தானே அரசே மழைக்கால நிவாரணம் என்று தொகை கொடுக்கிறது? மார்கழியில் ஆணை கொடுத்துத் தையில் பானை கேட்டால், சரக்கு குயவரிடமிருந்து வராது. அச்சில் அழுத்தி, எரிவாயு உலையில் சுட்டுத் தள்ளும் ஆலையிலிருந்து வரும்.

செய்ய வேண்டுமானால் பங்குனியிலேயே ஆணை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் அந்த வட்டத்திலேயோ அடுத்த வட்டத்திலேயோ வாங்க வேண்டும். திருத்தணி வட்டத்துப் பானை லாரியில் கன்னியாகுமரிக்குப் போனால் பாதி ஓடாகத்தான் இறங்கும். சித்திரை முதல் ஆவணி வரை வனைந்து, சுட்டு, கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் வைக்கோல் போட்டு அடுக்கிவிடலாம். முன்பணம் பாதி, சரக்கு சேர்ந்ததும் பாதி. முதல் வருடமே இரண்டு கோடி என்று போகாமல், மூன்று நான்கு மாவட்டங்களில் தொடங்கிப் பார்க்கலாம். நம் மாவட்டத்தையும் அதில் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி ஒரு மனு எழுதி வந்திருக்கிறேன். வெளியே மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டு, கணக்கு சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.